சிவப்பு ஊசி குத்தியாச்சா?

கேள்வியோடு வருகிறவரைச் சமாளித்துவிடலாம், பதிலோடு போனவரைப் பிடித்து "பலித்ததா?" என்று கேட்பதுதான் வாசகசாலைக்காரியின் பிழைப்பில் கஷ்டமான பகுதி. கடையிலோ, கிளினிக்கிலோ, பள்ளிக்கூட அலுவலகத்திலோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்கு வழி சொல்லிவிட்டு, போனவர் போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், சேர்ந்து சிரிப்போம். நடந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

பலகையும் பெட்டியும்

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வாசகசாலை இருந்தது. பத்திரிகைகளை அடுக்குவது, மின்விசிறியைப் போடுவது, உரக்கப் படிக்கிறவர்களை முறைப்பது எல்லாம் என் வேலை. படிப்பு எனக்கு ஆறாம் வகுப்போடு சரி. அதனால் முறைப்பதைத்தான் நன்றாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

சுவரில் ஒரு பெரிய பலகை. அதுதான் கேள்விப் பலகை. யாருக்கு என்ன சந்தேகமோ அதை வெள்ளைத் தாளில் எழுதி மாட்டலாம். தெரிந்தவர்கள் மஞ்சள் தாளில் பதில் எழுதி அதற்குக் கீழே மாட்டுவார்கள். எந்தப் பதில் பலித்ததோ அந்த மஞ்சள் தாளில், கேள்வி கேட்டவரே வந்து சிவப்புத் தலை வைத்த குண்டூசி ஒன்றைக் குத்த வேண்டும். நன்றி, வணக்கம், மாலை, சால்வை எல்லாம் அந்த ஒரு ஊசிதான். ஊசிப் பெட்டி என் மேசையில் இருக்கும்.

அப்போது ஊரே வீடு மாறிக்கொண்டிருந்தது. கம்பம் என்கிற பழைய கிராமத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு நாளுக்கு ஒரு சந்தேகம். பலகை நிறைந்து வழிந்தது. ஆனால் ஊசி மட்டும் விழவில்லை. பதில் பலித்தவர் பலித்த சந்தோஷத்தில் பலகையை மறந்துவிடுவார். தீபாவளி முடிந்த வாரம் செயலாளர் தனபாலன் வந்து, பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அந்த மூலையில் டிவி வைக்க ஆசை. தைப்பூசம் கழிந்து வரும் ஆண்டுக் கூட்டத்தன்று பலகையில் உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் சிவப்பு ஊசி இருந்தால் பலகை இருக்கும், இல்லாவிட்டால் இறங்கும் என்று கெடு வைத்தார். பதில் சொன்னவர் வாயைத் திறந்து ஊசி கேட்கக்கூடாது, அது அசிங்கம். நான் மட்டும் நினைவூட்டலாம், அதுவும் ஆளுக்கு ஒரே தடவை, நாகரிகமாக.

பலகை இறங்கினால் என் சம்பளம் குறையாது. ஆனால் நான் கூச்சக்காரி. அந்தப் பலகை ஒன்றுதான் மனிதர்களோடு பேச எனக்கிருந்த சாக்கு. அது போனால், டிவி பேசும், எல்லோரும் கேட்பார்கள், நான் மறுபடியும் முறைக்கப் போக வேண்டியதுதான். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஊசி குத்தாட்டியும் பதில் உதவியிருக்கும் ஐயா" என்று மட்டும் முணுமுணுத்தேன்.

"ராஜம்மா, எனக்கு மனசு தெரியாது, ஊசிதான் தெரியும்" என்றார் செயலாளர்.

லிஃப்ட் அந்தோணி

மஞ்சள் தாள்களில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. அந்தோணி. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலை முடிந்து, நீலச் சட்டையில் கிரீஸ் கறையோடு நேராக வாசகசாலைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலிருந்து வருவார். அன்றைக்குச் சட்டை வெள்ளை, கறை மட்டும் விரலில். எந்தக் கேள்வியானாலும் அவருக்குப் பதில் லிஃப்ட்டிலிருந்துதான் கிளம்பும். குழந்தை சாப்பிட மறுக்கிறது என்று ஒரு தாய் எழுதியிருந்தார். "பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் லிஃப்ட் சீக்கிரம் வராது. ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும்" என்று பதில். அது பலித்தது என்று அந்தத் தாயே மளிகைக் கடையில் யாரிடமோ சொன்னதைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். ஊசி குத்த மட்டும் அவர் மாடி ஏறவில்லை.

அந்தோணி ஊசி கேட்டதே கிடையாது. ஆனால் உள்ளே வந்ததும் பத்திரிகை எடுக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பலகையை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பார்ப்பார். எந்த ஊசியும் கூடியிருக்காது. கண்ணாடியைக் கழற்றுவார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டால் காது சிவந்துவிடும்.

"சும்மா பார்த்தேன்க்கா, பலகை நேரா மாட்டியிருக்கான்னு" என்பார்.

சட்டையில் ஒரு ஊசி

நினைவூட்டுவது என்று முடிவானதும் என் முதல் ஆள், மார்சிலிங்கிலிருந்து வரும் முத்துக்கறுப்பன். தனிக்கட்டை, கிடங்கில் வேலை. புது வீட்டுச் சமையலறைத் தொட்டி இரவெல்லாம் கொப்பளிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் தன்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார் என்று கேள்வி போட்டிருந்தார். "காற்றுக்கு வழி இல்லாமல் முக்குகிறது. லிஃப்ட் குழியிலும் இதே தொல்லை உண்டு. குழாயின் அடிமூடியைத் திறந்து அடைப்பை எடுக்கவும்" என்று அந்தோணி எழுத, கொப்பளிப்பு நின்றுவிட்டது. நின்ற கதையைப் பலகைக்கு நேர்க் கீழே உட்கார்ந்துகொண்டு எல்லோரிடமும் சொன்னார். தலைக்கு மேலே மஞ்சள் தாள் ஊசியில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வாயால் கேட்க எனக்கு வரவில்லை. ஜாடையாகக் காட்டலாம் என்று, அவர் விரித்து வைத்திருந்த பத்திரிகையின் நடுவில் ஒரு சிவப்பு ஊசியை மெதுவாக வைத்துவிட்டு, பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓடி வந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் ஊசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஊசியை எடுத்தார். பட்டன் போயிருந்த தன் சட்டையின் நெஞ்சில் குத்திக்கொண்டார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? காலையிலேர்ந்து கையால பொத்திக்கிட்டே பேப்பர் படிக்கிறேன்!" என்றார்.

மறுவாரம் தைரியத்தைத் திரட்டி விஷயத்தை வாயாலேயே சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார். உடனே எழுந்து கையை நீட்டினார்.

"இதுக்குத்தானா! ரெண்டாக் குடுங்கக்கா, சட்டைக்கும் இன்னும் பட்டன் தைக்கல" என்றார்.

நான் கேட்ட கேள்வி

ஆள் ஆளாகப் பேசுவதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது. ஒரேயடியாக எழுதிப் போட்டுவிட்டால்? அழகான கையெழுத்தில், தப்பில்லாமல், மூன்று தடவை எழுதிப் பார்த்து, வெள்ளைத் தாளில் இப்படி மாட்டினேன்: "அன்பர்களே, உங்களுக்குக் கிடைத்த பதில் பயன்பட்டதா?" இதைவிட நாகரிகமாக ஒருத்தி நினைவூட்ட முடியாது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலைக்குள் அதற்குக் கீழே மூன்று மஞ்சள் தாள்கள். முதலாவது: "பயன்பட்டது." இரண்டாவது: "எனக்குப் படவில்லை." மூன்றாவது அந்தோணி: "எந்த மாடி என்று சொல்லாமல் லிஃப்ட்டை அழைப்பது போல் இருக்கிறது. எந்தப் பதில் என்று குறிப்பிடவும்." வெள்ளைத் தாளில் எழுதினால் அது கேள்வி, கேள்வி என்றால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு ஒழுங்கான வாசகர்கள், ஊசி விஷயத்தைத் தவிர.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்தார். படித்தார். தன் பேனாவால் பலகையின் கேள்விகளை எண்ணி, என் தாளையும் சேர்த்துக்கொண்டார். மொத்தம் ஒன்று கூடிவிட்டது. நான் பதறினேன். அவர் ஊசிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"கேட்டது நீங்க. எந்தப் பதில் பலிச்சதுன்னு குத்திடுங்க ராஜம்மா, மத்தவங்களுக்கு ஒரு நினைவூட்டலா இருக்கும்" என்றார்.

மூன்றாவதில் குத்தினேன். அதுதான் உண்மையான பதில். அன்றைக்கு மாலை அந்தோணி பலகை நேராக இருக்கிறதா என்று வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார்.

எட்டிய பதில்

பதில் சொல்லத் தெரியாதவர்களும் மஞ்சள் தாள் மாட்டுவார்கள். வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், சலவைச் சட்டை, முத்து முத்தான கையெழுத்து. அந்தோணி எழுதி முடித்ததும், அதற்குக் கீழே, "மேலே உள்ளதே என் கருத்தும்" என்று எழுதி மாட்டிவிட்டுப் போவார். எல்லாக் கேள்விக்கும் அதே கருத்து.

கட்டையான பெரியவர் ஒருவர், பக்கவாட்டு ஜன்னல் வழியாக மழைச் சாரல் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தார். அந்தோணி சொன்னபடி செய்து சாரல் நின்றது. நான் நினைவூட்டியதும் மறுபேச்சில்லாமல் ஊசியை வாங்கிக்கொண்டு போய், நுனிக்காலில் நின்று, வங்கிக்காரர் தாளில் குத்திவிட்டு வந்தார். ஆளுக்கு ஒரு தடவைதான் நினைவூட்டலாம் என்பதால் என்னால் திருத்தவும் முடியவில்லை. "ஏன் ஐயா அதில குத்தினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு எட்டினது அதுதான்மா" என்றார்.

இதை அந்தோணியிடம் மறைக்க முடியுமா? அவர்தான் தினமும் மேலிருந்து கீழ் பார்க்கிறவராயிற்றே. பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், யோசித்தார்.

"பரவால்லக்கா, இனிமே நானும் தரைத்தளத்துலேயே மாட்டுறேன்" என்றார்.

இட்லி கணக்கில் வராது

கிளமெண்டியில் புது வீடு வாங்கிப் போன பத்மாவின் கேள்வி, அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி அலமாரிக்குள் வழிகிறது என்பது. அந்தோணி விடுவாரா? "லிஃப்ட்டில் ஆள் கூடினால் மணி அடிக்கும், பானையில் அடிக்காது. ஒரே பானையில் ஏற்றாமல் இரண்டாகப் பிரித்து, பாதிக்கு மேல் நிரப்பாமல் வைக்கவும்." ஒரு மாதம் கழித்து, பஸ் மாறி பஸ் ஏறி, பத்மாவே வாசகசாலைக்கு வந்துவிட்டார். கையில் நாலடுக்குத் தூக்கு. திறந்தால் இட்லி. மல்லிகைப் பூ மாதிரி என்று சொன்னால் மல்லிகை கோபித்துக்கொள்ளும், அப்படி ஒரு வெள்ளை. ஒரு அடுக்கு முழுக்கச் சட்னி.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நன்றி தெரிந்த மனுஷி! இவரிடம் நினைவூட்ட என்ன கூச்சம்? ஊசிப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். பத்மா ஓரடி பின்னால் போய்த் தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"அய்யய்யோ அக்கா, சாப்பாடு வச்ச இடத்துல ஊசியை நீட்டாதீங்க, ஆகாது!" என்றார்.

எவ்வளவு சொல்லியும் குத்த மறுத்துவிட்டார். பலித்த பதிலுக்கு ஊசி கொடுப்பது அவருக்கு உதவியவரை ஊசியால் குத்துவது போலவாம். வேண்டுமானால் அடுத்த வாரமும் இட்லி கொண்டுவருகிறேன் என்றார். வாசனை பிடித்துச் செயலாளரும் வந்துவிட்டார். இட்லியும் நன்றிதானே ஐயா, ஊசிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டேன். அவர் நிதானமாக மென்று முடித்து, இன்னொன்றைச் சட்னியில் புரட்டினார்.

"ருசி வேற, ரூல் வேற. இட்லியக் கணக்குல சேர்க்க முடியாது ராஜம்மா. இன்னும் ரெண்டு வைங்க" என்றார்.

தொலைபேசியில் குறட்டை

சிலர் கேள்வித் தாளின் பின்னால் தொலைபேசி எண் எழுதி வைத்திருப்பார்கள். நேரில் பார்க்காமல் பேசினால் கூச்சம் குறையும் என்று எனக்கு ஒரு கணக்கு. கீழே மளிகைக் கடையில் அனுமதி கேட்டு, மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எண்ணைச் சுழற்றினேன். சந்திரன் என்பவருடைய வீடு. அவர் கேள்வி இது: "விருந்தினர் ஒருவர் ஹாலில் படுக்கிறார். அவர் குறட்டையால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மனம் நோகாமல் நிறுத்துவது எப்படி?" அந்தோணி எழுதியிருந்தார்: "லிஃப்ட் கதவு சட்டத்தில் உரசினால் இரையும். சற்றே ஒதுக்கிவிட்டால் சத்தம் அடங்கும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லவும்."

பேச வேண்டிய வாக்கியத்தைப் படி இறங்கும்போதே மனப்பாடம் செய்திருந்தேன். அதனால் "ஹலோ" என்று ஒரு குரல் வந்ததும், யார் என்று கேட்காமல், மூச்சு விடாமல் முழுசாகச் சொல்லிவிட்டேன்: "வாசகசாலையிலேர்ந்து பேசுறேங்க, விருந்தாளியோட குறட்டைக்குச் சொன்ன பதில் பலிச்சுதா?" மளிகைக் கடைத் தராசு அசைகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், மிக நிதானமாக:

"நான் அவர் மாமியார் பேசுறேன். இந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கறது நான் ஒருத்திதான்."

போனை வைத்துவிட்டு மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்தேன். ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேன் என்று நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அந்த அம்மாள் நேரிலேயே வந்தார். பேர் கமலாம்பாள். மாடிப்படி அதிர வந்து, பலகையில் கேள்வியைப் படித்தார், பதிலைப் படித்தார். "என்னப் போய் லிஃப்ட்டுன்னு எழுதியிருக்கான் பாரு!" என்றார். நான் மேசைக்கடியில் பேனாவைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருக்களித்துப் படுத்தாராம். மாப்பிள்ளை விடியும்வரை தூங்கினாராம். காலையில் எழுந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "அத்தைக்குக் காப்பி கொடுத்தாச்சா?" என்று கேட்டாராம்.

"எங்க அந்த ஊசி?" என்றார். கேள்வி கேட்டவர்தான் குத்த வேண்டும், மாப்பிள்ளையை அனுப்புங்கள் என்று விதியைச் சொன்னேன். விதி விதிதான்.

"குறட்டை என்னுதுதானே? அப்ப கேள்வியும் என்னுதுதான். நவுருங்க" என்று குத்திவிட்டுப் போனார்.

டோபி காட்டில் வேண்டாம்

தைப்பூசம் வந்தது. கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இருபத்து நாலு கேள்விகளில் பதினோரு ஊசி. ஊசிப் பெட்டி என் மேசையில்தான் இருந்தது. பிற்பகலில் மாடியில் ஈ காக்கை இருக்காது. நானே இரண்டைக் குத்தினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அதனால் பெட்டியைப் பூட்டி வைத்தேன்.

சேகர் என்று கப்பல் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளை. போன வருடம் காவடி ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பு புண்ணாகிவிட்டது, இந்த வருடம் சாயாமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அந்தோணி இதற்கு மட்டும் இரண்டு மஞ்சள் தாள் எழுதினார், படம் போட்டு. லிஃப்ட்டுக்கு எதிர் எடை வைப்பது போல் பின்பக்க வளைவில் எப்படி எடை கட்டுவது, இடுப்புப் பட்டைக்குள் எவ்வளவு கனத்துக்குப் பஞ்சு வைப்பது, எல்லாம். அடியில், "சாமி விஷயம், ஒன்றுக்கு இரண்டு தடவை இறுக்கிப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார்.

டோபி காட் முனையைத் தாண்டி, டேங்க் ரோடு கோயிலை நெருங்குகிற இடத்தில் நான் கூட்டத்தோடு நின்றிருந்தேன். மயிலிறகு ஆட ஆட ஒரு காவடி வந்தது. எந்தப் பக்கமும் சாயவில்லை, ஆணி அடித்தது போல் நேராக நின்றது. கீழே சேகர். நெஞ்சில், முதுகில், கையில் எல்லாம் அலகு. நாக்கில் மட்டும் இல்லை. சத்தியமாக நான் சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி என்ற நினைப்பே இல்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஆடிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு மட்டும் இன்னொரு ஊசி குத்தச் சொல்லாதீங்க லா!" என்றார்.

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை உங்களிடம் விவரிக்கப் போவதில்லை. விரதம் முடிந்த மறுநாளே வந்து குத்தினார். பன்னிரண்டு.

மேற்படி கருவி

பன்னிரண்டு என்றால் சரிபாதி. செயலாளர் கேட்டது பாதிக்கு மேல். மீதிப் பேருக்கெல்லாம் நினைவூட்டி முடித்துவிட்டேன். ஆளுக்கு ஒரு தடவை என்ற பேச்சையும் மீற முடியாது. பத்மா மறுபடி இட்லியோடு வந்தார், மறுபடி முந்தானையால் மூடினார். கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது புது டிவி வந்து இறங்கியது. செயலாளர் அதைப் பலகைக்கு எதிரே பெஞ்சின் மேல் வைத்து, மேசை விரிப்பால் போர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சோதித்தார். வெளியே வரும்போது முகம் சரியில்லை.

மறுநாள் பலகையில் பேரில்லாத ஒரு வெள்ளைத் தாள். "அன்புடையீர், புதிதாக வாங்கப்பட்ட தொலைக்காட்சிக் கருவி ஒன்றில் படமானது நில்லாமல் கீழிருந்து மேலாக உருண்டவண்ணம் உள்ளது. மேற்படி கருவியை மேற்படி உருளலிலிருந்து மீட்கும் வழியைத் தயைகூர்ந்து தெரிவிக்கவும்." எங்கள் வாசகசாலையில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மேற்படி போடுகிறவர் ஒருவர்தான். நான் கேள்விகளை எண்ணினேன். இருபத்தைந்து ஆகிவிட்டது. சரிபாதிகூடப் போயிற்று.

மாலையில் அந்தோணி வந்தார். அந்தத் தாளைப் படித்தார். அவருடைய பலகையை இறக்கப்போகிற டிவி அது. அதற்கு அவரே வைத்தியம் சொன்னால்? நான் மேசையில் பார்வையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதற்குள் அவர் மஞ்சள் தாளை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். "மாடிகளில் நிற்காமல் ஓடும் லிஃப்ட் போன்றது இது. கருவியின் பின்பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கும். மெதுவாக, படம் நிற்கும்வரை திருப்பவும்." எழுதி, நன்றாகக் கீழே, எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் மாட்டினார். "ஏன் அண்ணே சொன்னீங்க?" என்று எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

"கேள்வின்னு மாட்டிட்டாங்களே, பார்த்துட்டு எப்படிக்கா சும்மா போறது?" என்றார்.

பாதிக்கு மேல்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மாடி நிறைந்துவிட்டது. டிவி பார்க்க வந்தவர்கள் பாதி, பலகைக்காக வந்தவர்கள் பாதி. தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்ததும் செயலாளர் விரிப்பை எடுத்தார். படம் உருண்டது. அவர் யாரும் பார்க்காத மாதிரி பின்பக்கம் கையை விட்டுத் திருகினார். படம் டக்கென்று நின்றது. ஒரே கைதட்டல். செயலாளர் குனிந்து வணங்கினார்.

அடுத்து பலகை. பேனாவை நீட்டி உரக்க எண்ணினார். கேள்வி இருபத்தைந்து, ஊசி பன்னிரண்டு. "வருத்தமான விஷயம்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தோணி தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னவர் வாயைத் திறக்கக்கூடாது. நினைவூட்டும் உரிமை எனக்குத்தான், டிவிக் கேள்வியை மாட்டிய செயலாளரிடம் அந்த ஒரு தடவை இன்னும் மிச்சமிருந்தது. எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இத்தனை பேர் முன்னால், அவரிடம் போய், எப்படி? அப்படியே நின்றேன். கையில் இருந்த ஊசிப் பெட்டி மட்டும் தானாக முன்னால் நீண்டது.

கமலாம்பாள் பின்வரிசையில் இருந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டு செயலாளர் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த மேற்படி கருவி யாரு சொல்லி நின்னுச்சு?" என்றார். மாடி முழுக்கக் குபீரென்று சிரிப்பு. "ஆமா, யாரு சொல்லி?" என்று முத்துக்கறுப்பன். "கேட்டவங்கதான் குத்தணும், அது ரூல்" என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வங்கிக்காரர். இத்தனை மாதம் நான் யார் யாருக்கெல்லாம் பயந்து பயந்து நினைவூட்டினேனோ, அவர்கள் எல்லோரும் சேர்ந்து, "ஊசி! ஊசி!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவரும் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் உடம்பெல்லாம் குத்திக்கிட்டேன், நீங்க ஒண்ணே ஒண்ணு குத்த மாட்டீங்களா லா?" என்று கத்தினார் சேகர்.

செயலாளர் சிவந்த முகத்தோடு என் பெட்டிக்குள் கையை விட்டார். காலி. காலையில் நான் பூட்டைத் திறந்து வைத்ததும், கூட்டத்துக்குத் தோரணம் கட்டியவர்கள் ஊசியை எல்லாம் எடுத்துத் தோரணத்தில் குத்திவிட்டார்கள். "இருங்க, இருங்க!" என்று முத்துக்கறுப்பன் எழுந்தார். தன் நெஞ்சிலிருந்த சிவப்பு ஊசியைப் பிடுங்கி, ஒரு கையால் சட்டையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் நீட்டினார். "கையில குடுக்காதீங்க! ஊசியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும், கீழ வச்சு எடுங்க!" என்று பத்மா அலறினார். ஊசி மேசையில் வைக்கப்பட்டது. செயலாளர் எடுத்தார். மஞ்சள் தாளில் குத்தினார். பதின்மூன்று. அந்தோணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பலகை நேராக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

செயலாளர் வேட்டியை இறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"குத்தியாச்சு. இப்ப இந்த டிவியை எங்க வைக்கிறதுன்னு நீங்களே ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி மாட்டுங்க ராஜம்மா" என்றார்.

மாட்டினேன், அதற்கு எவ்வளவோ மஞ்சள் தாள்கள் வந்தன, டிவியும் பெஞ்சு பெஞ்சாக வாசகசாலை முழுக்கச் சுற்றி வந்தது, ஆனால் நான் அங்கிருந்து ஓய்வு பெறும்வரை கேட்டது செயலாளர், எழுதியது நான் என்று கிடந்த அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஊசி குத்தும்படி யாருக்கு நினைவூட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.